மெய்யெழுத்து

ஓல்ட்டன் நிலையத்துக்குப் பின்னால்
இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்து நிற்கும் வண்டியை
நானும் வ்லோராவும் கழுவுகிறோம்.
அவளுக்கு யன்னல்கள். எனக்குக் கக்கூஸ்கள்.
இருபத்தொரு வருசமாக இதுதான் பங்கு.

முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவேன்.
இப்போது கதவைத் திறந்ததும்
தாழ்ப்பாள் பூட்டுகிறதா,
தாள் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.
ஒரு நாளைக்கு ஒன்பது தடவை ஓடுகிறவளுக்குத் தெரியும்
அடுத்தவள் எந்த அவசரத்தில் வருவாள் என்று.

தொலைபேசியில் கேட்டவர்களுக்கு மூலம் என்றேன்.
கோயிலில் கேட்டவர்களுக்குக் கர்ப்பப்பை என்றேன்,
அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.
மலக்குடல் என்ற சொல்லை
ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னேன்.
குளியலறையில்,
தண்ணீரைத் திறந்துவிட்டு.

டொக்டர் வெங்கர் நல்ல மனிசி.
ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார்.
பத்தொன்பது நிணநீர்க் கணுக்களைப் பார்த்தோம்,
ஒன்றிலும் இல்லை, கீமோ வேண்டாம் என்றார்.
பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டியபடி,
உங்களைப் போல நூறு பேர் இருந்தால்
ஏழெட்டுப் பேருக்குத் திரும்பி வரலாம் என்றார்.

நிரோஜன் மொழிபெயர்த்தான்.
ஏழெட்டைக் 'கொஞ்சப் பேர்' ஆக்கினான்.
அந்தளவு டொச் எனக்குத் தெரியும் என்பது
அவனுக்கு மறந்துபோயிருந்தது.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து
பெட்டிக்குள் ஏறினால் எண்ணுகிறேன்.
கிட்டத்தட்ட நூறு இருக்கை.
மடிப்பு மேசைகளைத் துடைத்துக்கொண்டே
இதுவா, அந்த யன்னலோரமா,
சுவிங்கம் ஒட்டிக்கிடக்கும் இதுவா.
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை கிடந்தால்
அந்த இருக்கையைத் தாண்டிப் போய்விடுவேன்.
பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்து
இரண்டு தடவை துடைப்பேன்.
யாரைத் தேடுகிறாய் என்றாள் வ்லோரா.
சில்லறை, என்றேன்.

வயிற்றுப் பையைக் கழற்றி
என்னை வீட்டுக்கு விட்ட அன்று
தன் சனிக்கிழமைப் பள்ளித் தமிழில்
நிரோஜன் கனடாவுக்குச் செய்தி அனுப்பினான்:
அம்மா மீண்டும் விட்டார்.

மீண்டு என்று எழுதப் போனவன்.
ஒரு 'ம்' கூடிவிட்டது.

ஸ்காபரோவிலிருந்து அக்கா
சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு அழுதபடி எடுத்தாள்.
மீண்டுமா? எங்கேயடி? ஈரலிலா?
இல்லையக்கா, எழுத்துப்பிழை.
சிரித்தோம்.
எனக்குத் தையல் இழுக்க,
அவளுக்குச் சோறு அடிப்பிடிக்க,
அப்படிச் சிரித்தோம்.

அவள் வைத்த பிறகு
அந்த எழுத்தின் தலையில் இருந்த புள்ளியையே
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திரையில் ஒரு தூசு அளவு.
விரலால் துடைத்தும் பார்த்தேன்.
ஸ்கானில் அவர்கள் தேடுவதும்
அவ்வளவுதான் இருக்கும்.

நாளை மறுநாள் ஏழாவது ஸ்கான், ஆராவில்.
வெறும் வயிற்றோடு போகவேண்டும்.
வழியில் எத்தனை கக்கூஸ் என்று எனக்கு மனப்பாடம்:
வண்டியில் இரண்டு, அதில் ஒன்று அடிக்கடி பூட்டு.
நிலையத்தில் ஒன்று, சில்லறை போட்டால் திறக்கும்.
ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று,
அதைக் கழுவுகிறவள் யாரென்று தெரியாது,
மூலைகளைக்கூட விடுவதில்லை.

இன்றிரவு ஐந்தாம் பெட்டி முடிந்ததும்
கால் கடுத்து ஓர் இருக்கையில் அமர்ந்தேன்.
எத்தனையாவது என்று பார்க்கவில்லை.
மறுகரையில் ஒரு சரக்கு வண்டி
முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.
உள்ளே யாருமில்லை என்று நினைத்து
வ்லோரா விளக்கை அணைத்துவிட்டாள்.

இருக்கிறேன், என்று கத்தினேன்.
தமிழில்தான் வந்தது.

விளக்கு எரிந்தது.
ஆறாம் பெட்டி இன்னும் கிடக்கிறது என்றாள்,
வாளியை என் பக்கம் தள்ளிவிட்டு.